பஸ் மாறும் நேரத்தில் மதுரை

முதுகுப் பையோடு பூண்டிக்கு வரும் பிள்ளைகளோடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

போன வாரம் ஒரு பிரெஞ்சுக்காரப் பையன், பூண்டு காய்கிற திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மதுரை ஒரே குழப்பம், தாத்தா" என்றான். எத்தனை நாள் இருந்தாய் தம்பி? ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நின்ற நேரம்தானாம்! ஊருக்குப் போய் இதைத்தான் எழுதுவான். பத்துப் பேர் நம்புவார்கள்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். பிரெஞ்சில் படித்தவன் என்ற திமிரோடு, ஓய்வு பெற்றபின் தோள்பையுடன் பாரிஸ் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால், திரும்பிய பக்கமெல்லாம் படிக்கட்டு, இடிக்கிற கூட்டம். வழி கேட்டால் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு ஒருத்தி சிரித்துவிட்டுப் போனாள். இதுவா நாகரிகம் என்று திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் லா ஷப்பேலில் ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் டீ கொடுத்து, "தட எண்ணையும் கடைசி நிலையத்தின் பெயரையும் பாருங்கோ ஐயா, போதும்" என்றார். கால் மணி நேரத்தில் மெட்ரோ பிடிபட்டுவிட்டது.

மதுரை மட்டும் என்னவாம்? மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கியிருக்கின்றன. இதைவிட ஒழுங்கு வேண்டுமா?

அவன் மொழியிலேயே பொறுமையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இங்கே காளான் எங்கே கிடைக்கும்?" என்றான்.

தமிழிலேயே "போடா" என்று எழுந்துவிட்டேன்.