பழைய கணினியும் பத்திரப் பெட்டியும்

மலைநாட்டுக் குடும்பங்களில் பத்திரங்களைப் பேணுவது வெறும் பழக்கமன்று. பட்டறிவால் கற்ற பாடமாகும். லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் முதியவர் ஒருவரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், சேலை வேட்டிகளுக்கு அடியில் பிறப்பு அத்தாட்சியும் விவாக அத்தாட்சியும் பழைய பிரஜாவுரிமைத் தாள்களும் துணியிலே சுற்றப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் காரணத்தை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், விவாகமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டுமென விதித்தது. எழுத்தறிவு பெற வாய்ப்பற்றிருந்த மக்களிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது! அதனைக் காட்ட இயலாதோரின் மனுக்கள் பல தள்ளப்பட்டன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனிச் சட்டமொன்று தேவைப்பட்டது. ஒரு தாள் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு குடும்பத்தின் கதியையே மாற்றக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று அப்பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. அத்தாட்சிப் பத்திரங்களின் படங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு விவரங்கள், மறைந்துபோன பாட்டியின் ஒரே புகைப்படம் யாவும் அச்சிறு கருவிக்குள் அடங்கிவிடுகின்றன. கருவி நீரில் விழுந்தால் என் செய்வது? களவு போனால் என் செய்வது? இதற்குப் பெரும் பணம் செலவிடாமலே ஒரு பரிகாரம் உண்டு. அதுவே வீட்டு மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினி.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆந் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத எத்தனையோ கணினிகள் அதனால் ஒதுக்கப்பட்டன. அவற்றை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் சற்றுச் சிந்தியுங்கள். 64 பிட் செயலியும் 2 ஜிகாபைட் நினைவகமும் உள்ள யந்திரமாயின், டெபியன் என்னும் இலவச லினக்ஸையோ, அதன்மீது அமைந்த ஓபன்மீடியாவால்ட் என்னும் மென்பொருளையோ ஏற்றி, அதனை வீட்டின் பத்திரக் காவலனாக்கிவிடலாம். அதற்குத் திரையும் விசைப்பலகையும் ஆரம்ப வேலைக்கு மட்டுமே தேவை. பின்னர் ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைத்து ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

காவலனின் தொழில் எளிது. சாம்பா என்னும் மென்பொருள், வீட்டிலுள்ள ஏனைய கணினிகளுக்கு அதன் வட்டை ஒரு பொது அலுமாரிபோலத் திறந்து காட்டும். ஆர்சிங்க் என்னும் மென்பொருள், முன்னர் பிரதி செய்தவற்றை விடுத்து, புதியனவற்றையும் மாறியனவற்றையும் மட்டுமே கொண்டுவரும். தொலைபேசிப் படங்களையும் அதற்கெனவுள்ள செயலிகளால் அனுப்பலாம். பழைய 100 மெகாபிட் இணைப்பில் 100 ஜிகாபைட்டைப் பிரதி செய்ய ஏறக்குறைய இரண்டரை மணி நேரமாகும். முதல் நாளில் மட்டுமே இத்தாமதம்; மறுநாள் முதல் சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும்.

செலவையும் கணக்கிடுவோம். பழைய மேசைக் கணினியொன்று 60 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடும்போது மாதம் 43 அலகு செலவாகும். பாவனை கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும் நம் நாட்டில் இது சிறிய தொகையன்று. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடினால் நாலு அலகுக்கும் குறைவே. பல கணினிகளில் குறித்த நேரத்தில் தானே விழித்தெழும் வசதி உண்டு. வேலை முடிந்ததும் தானே அணையும்படி ஏற்பாடு செய்யலாம். இடிமின்னல் மிகுந்த மாதங்களில், வேலையில்லா நேரத்தில் மின் செருகியையும் வலைக் கம்பியையும் கழற்றிவிடுவது உத்தமம். மூடுபனியின் ஈரம் சுவர் வழியே கசியும் வீடுகளில் யந்திரத்தைத் தரையில் வையாது, பலகைமேல், சுவரினின்று சற்று விலக்கி வைத்தல் வேண்டும்.

எனினும் மூன்று எச்சரிக்கைகளை மனத்திலிருத்துங்கள்.

முதலாவது: கணினி பழையதாயிருக்கலாம், சேமிக்கும் வட்டு பழையதாயிருத்தல் ஆகாது. புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். அன்றியும், ஒரு கோப்பை இங்கே அழித்தவுடன் அங்கேயும் அழிந்துபோகும் ஏற்பாடு காப்பு ஆகாது. சிறு பிள்ளையின் விரல் பட்டு ஒரு படம் மறைந்தால், சென்ற வாரப் பிரதி, சென்ற மாதப் பிரதி எனப் பழைய நிலைகளும் இருந்தால்தான் அதனை மீட்க முடியும்.

இரண்டாவது: மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பலாகாது. 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப்படம் தயாராகையில், தவறான ஓர் ஆணையால் அதன் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதி பழுதுற்றிருந்ததை அதுவரை எவரும் அறிந்திலர். மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்தே பணிபுரிந்த கேலின் சுஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணினியிலிருந்த பிரதியே அப்போது கைகொடுத்தது. பெரிய நிறுவனத்துக்கே இக்கதியெனில் நம்மைப்பற்றிக் கூறவேண்டுமோ? மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள்.

மூன்றாவதே நம் மலைநாட்டுக்கு முக்கியமானது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை அப்படியே மூடிற்று. உயிர்களோடு உடைமைகளும் புதைந்தன. அத்தகைய வேளையில் தொலைபேசியும் காவற் கணினியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டும் ஒருங்கே போகும். ஆகையால் சிறிய வெளி வட்டு ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, ஹட்டனிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். அதனைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவது அவசியம். அக்கடவுச்சொல்லை வீட்டில் ஒருவர் மட்டுமன்றி இருவரேனும் அறிந்திருத்தல் அதனினும் அவசியம்.

‘படம் மூலப் பத்திரமாகுமா?’ என்று சிலர் வினவக்கூடும். ஆகாது. ஆயினும் பதிவிலக்கமும் தேதியும் பதிவுப் பிரிவும் அப்படத்திலே தெரியுமாதலால், மூலம் தொலைந்தாலும் உறுதிப்படுத்திய பிரதி பெறுவது எளிதாகும். அவ்விவரங்கள் தெரியாதவர் அலுவலகப் படிகளில் எத்தனை முறை ஏறியிறங்க வேண்டியிருக்கும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே, குடும்பத் தலைவியரே, வீட்டிலுள்ள படித்த பிள்ளையிடம் இவ்வேலையை இந்த விடுமுறையிலேயே ஒப்படையுங்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுக்கச் செய்யுங்கள். அந்தத் தாள் எதற்காக வந்தது, அதற்காக யார் எங்கெல்லாம் அலைந்தார் என்பதை அருகிலிருந்து பாட்டனார் சொல்லட்டும். அதையும் பிள்ளை எழுதி, பத்திரங்களோடு சேர்த்துச் சேமிக்கட்டும்.