விதியில் 48 மணி நேர ஓய்வு, அட்டவணையில் எவ்வளவு? இளம் விமானிகளின் பணிச்சுமையும் டிசம்பர் நெருக்கடியும்

பெங்களூரு: கடந்த டிசம்பர் முதல் வாரத்தில் பெங்களூரு கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தின் தகவல் பலகைகளில் ‘ரத்து’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி மட்டும் இங்கு இண்டிகோ நிறுவனத்தின் நூறுக்கும் மேற்பட்ட சேவைகள் ரத்தாயின. டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்று நாள்களில் நாடு முழுவதும் 2,507 விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. 1,852 விமானங்கள் தாமதமாயின. 3 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அவதியுற்றனர். பயணிகளின் நெரிசலைச் சமாளிக்க ரயில்வே கூடுதல் பெட்டிகளை இணைக்க நேர்ந்தது.

இந்தக் குழப்பத்துக்கு அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம், விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு வழங்கும் புதிய பணிநேர வரம்பு விதிகள் நவம்பர் 1-ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்தன என்பதே. விமானிகள் ஓய்வெடுத்ததால் பயணிகள் தவித்தனர் என்ற எண்ணமும் பலரிடம் பதிந்தது. விதிகள் உருவான வரலாற்றையும், பின்னர் வெளிவந்த புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) இந்த விதிகளை அறிவித்தது 2024 ஜனவரி 8-ஆம் தேதி. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை என இருந்த ‘இரவு’ என்பதன் வரையறை 6 மணி வரை நீட்டிக்கப்பட்டது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. விமானிகளின் களைப்பு குறித்து விமான நிறுவனங்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

2024 ஜூன் 1-ஆம் தேதியே இவை நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனங்களின் எதிர்ப்பால் மார்ச் மாதத்திலேயே அந்தக் கெடு தள்ளிவைக்கப்பட்டது. விமானிகள் சங்கங்களின் வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த பின்னரே, முதல் கட்டம் 2025 ஜூலை 1 முதலும் எஞ்சிய பகுதி நவம்பர் 1 முதலும் அமலாகும் என்ற உறுதி கிடைத்தது. அறிவிப்புக்கும் முழு அமலுக்கும் இடையே ஏறத்தாழ 22 மாதங்கள் கழிந்தன. திடீரெனத் தலையில் விழுந்த விதி என்று இதனைக் கூற இயலாது.

இந்த இடைவெளியில் பறப்பு அட்டவணை சுருங்கவில்லை, விரிந்தது. 2024 குளிர்காலத்துடன் ஒப்பிடுகையில் 2025 குளிர்கால அட்டவணையில் இண்டிகோவுக்கு 9.66 சதவீதம் கூடுதல் புறப்பாடுகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. ஒப்புதல் வழங்கியது அதே டிஜிசிஏதான். நவம்பரில் ரத்தான 1,232 விமானங்களில் 755 விமானங்களுக்குப் பணியாளர் பற்றாக்குறையும் பணிநேர வரம்பும் காரணமாகக் காட்டப்பட்டன. எச்சரிக்கை மணி ஒரு மாதத்துக்கு முன்பே ஒலித்துவிட்டது.

இளம் விமானிகளைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கு கவனிக்கத்தக்கது. புதிய விதிகளின்படி தனக்குத் தேவைப்படும் கேப்டன்கள் 2,422 பேர், இருப்பவர்கள் 2,357 பேர் என்பது இண்டிகோ அளித்த விவரம். துணை விமானிகளோ 2,153 பேர் தேவைப்படும் இடத்தில் 2,194 பேர் இருந்தனர். வலது இருக்கையில் ஆள் இருந்தார். இடது இருக்கைக்குத்தான் ஆள் போதவில்லை. துணை விமானி ஒருவரைக் கேப்டனாக உயர்த்துவதற்குப் பறப்பு அனுபவம், பயிற்சி, தேர்வு, பயிற்றுநர்களின் நேரம் ஆகிய அனைத்தும் வேண்டும். கடைசி வாரத்தில் முடிகிற காரியம் அல்ல. 22 மாதங்களில் முடித்திருக்கக் கூடிய காரியம்தான்.

இடது இருக்கையில் ஏற்படும் பற்றாக்குறை வலது இருக்கையையும் அலைக்கழிக்கும். கேப்டன்களின் பணிநேரம் தீரத் தீர, விமானமும் ஊரும் பறப்பும் கடைசி நேரத்தில் மாற்றப்படும். உடன் பறக்க வேண்டிய துணை விமானியின் நாளும் அத்துடன் சேர்ந்து மாறும். அதிகாலைப் பணி மறுநாள் இரவுப் பணியாகும்; வேறோர் ஊரில் இருந்து பறக்க வேண்டுமென்பதற்காகப் பயணியாக அமர்ந்து அங்கு செல்ல நேரும். ஜனவரி 17-ஆம் தேதி வெளியான டிஜிசிஏ விசாரணை முடிவுகள் இதனைத்தான் அலுவல் மொழியில் கூறுகின்றன. பணியாளர், விமானம் ஆகியவற்றின் பயன்பாட்டை எல்லை மீறி இறுக்கியது, நீட்டிக்கப்பட்ட பணி முறைகள், மீண்டெழ இடமளிக்காத குறைந்த இடைவெளி ஆகியவை அதில் சுட்டப்பட்டுள்ளன. நிறுவனத்துக்கு மொத்தம் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

விதிகள் மணி நேரத்தை அளக்கின்றன. தூக்கத்தை அளப்பதில்லை. பெங்களூருவில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகவே தெரியும். நகரின் பழைய பகுதியான, கேஎஸ்ஆர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் இருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. மெட்ரோ ரயில் இன்னும் விமான நிலையத்தை எட்டவில்லை. அதிகாலை 5 மணிக்குப் பணியில் சேர வேண்டிய ஒருவர், நகருக்குள் குடியிருந்தால் 3 மணிக்கு முன்பே எழ வேண்டும். பிற்பகலில் வீடு திரும்பும் வழியில் ஹெப்பால் நெரிசல் காத்திருக்கும். தாளில் ஓய்வு எனப் பதிவாகும் நேரத்தின் ஒரு பகுதி சாலையிலேயே கரைகிறது. விமான நிலையத்துக்கு அருகில் குடியேறலாம் என்றால், வாழ்க்கைத் துணையின் வேலை நகரின் மறுமுனையில் இருக்கும். எந்த விதிப்புத்தகமும் இதற்குப் பொறுப்பேற்காது.

பணமும் இதில் கலந்தே உள்ளது. வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளி போன்றவை இருந்தாலும், பலர் தனியார் பள்ளிகளிலோ வெளிநாட்டிலோ பல லட்சம் ரூபாய் செலவழித்தே அதனைப் பெறுகின்றனர். குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சிக்குத் தனிச் செலவு. கல்விக் கடனின் மாதத் தவணையைச் சுமந்தபடி வலது இருக்கையில் அமரும் 25 வயது இளைஞர், ‘இன்று களைப்பாக உள்ளது, பறக்க இயலாது’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் பலமுறை யோசிப்பார். 2017-ஆம் ஆண்டு விதிப்படி, துணை விமானி வேலையை விட்டு விலகவும் ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்.

ஊதியமும் அட்டவணையும் ஒன்றோடொன்று மோதினால் என்ன நிகழும் என்பதை 2024 ஏப்ரலில் விஸ்தாரா காட்டியது. ஏர் இந்தியாவுடனான இணைப்பை முன்னிட்டு, உறுதியளிக்கப்பட்ட ஊதியத்துக்கான மாதப் பறப்பு நேரம் 70 மணியில் இருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டது. பாதிப்பு துணை விமானிகளையே கூடுதலாகத் தாக்கியது. விமானிகள் போதாமல் சேவைகள் ரத்தாயின. நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை அந்நிறுவனம் குறைத்துக்கொண்டது. விமானிகளின் பணி அட்டவணை அளவு மீறி இறுக்கமாக இருந்ததை அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி வினோத் கண்ணன் ஒப்புக்கொண்டார். அந்தப் பாடம் ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டது போலும்.

களைப்பைப் பணியாளர் நலன் சார்ந்த கோரிக்கையாக மட்டும் பார்ப்போர், கர்நாடகத்திலேயே நிகழ்ந்த ஒரு விபத்தின் விசாரணை அறிக்கையை மீண்டும் புரட்டலாம். 2010 மே 22-ஆம் தேதி காலை 6 மணி கடந்த சில நிமிடங்களில், துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர். விமானி அறை ஒலிப்பதிவின் முதல் 1 மணி 40 நிமிடங்களில் கேப்டனின் பேச்சு இல்லை. குறட்டை ஒலி பதிவாகியிருந்தது. நெடுநேரத் தூக்கத்தில் இருந்து விழித்த மந்த நிலை அவரது முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை நீதிமன்றம் கருதியது. மனித உடல் மிகச் சோர்ந்திருக்கும் அதிகாலை 2 முதல் 6 மணி வரையிலான காலத்தில்தான் அந்தப் பறப்பின் பெரும்பகுதி அமைந்தது. ‘இரவு’ என்பதன் எல்லையை 6 மணி வரை நீட்டியதன் பொருள் இங்குதான் விளங்குகிறது.

அந்த அறிக்கையின் மற்றொரு பகுதி இளம் விமானிகளைப் பற்றியது. தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி மூன்று முறை கூறினார். ஆயினும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. அவ்வாறு எடுப்பதற்குத் துணை விமானிக்கு அதிகாரம் உண்டா என்பதில் விதிமுறைகள் தெளிவற்று இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என அறிக்கை கூறியது. ஆபத்தைச் சரியாகக் கண்டறிந்தவர் இளையவர். முடிவெடுக்கும் உரிமையில்தான் ஐயம் இருந்தது. களைத்த கேப்டனின் அருகில் களைத்த துணை விமானியும் அமர்ந்தால், அந்த மூன்று எச்சரிக்கைகளும்கூட எழாமல் போகலாம்.

அது வெறும் கற்பனை அன்று. 2024 ஜனவரி 25-ஆம் தேதி, இந்தோனேசியாவின் பாட்டிக் ஏர் ஏர்பஸ் விமானத்தில் 153 பயணிகள் இருக்க, விமானிகள் இருவரும் சுமார் 28 நிமிடங்கள் ஒரே வேளையில் உறங்கினர். கேப்டன் உடன்பாட்டுடன் ஓய்வெடுத்தார். கட்டுப்பாட்டை ஏற்ற 28 வயது துணை விமானி தம்மை அறியாமல் கண்ணயர்ந்தார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. விமானம் பாதை விலகிய போதிலும் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் ஊதியம் பெற்ற 24 வயது துணை விமானியின் வாழ்க்கை நாடாளுமன்ற விவாதம் வரை சென்றது. பணியில் சேர அவர் சியாட்டிலில் இருந்து நாட்டின் மறுகோடிக்கு இரவு முழுவதும் பயணம் செய்து வந்திருந்தார். விபத்தின் முதன்மைக் காரணம் கேப்டனின் தவறான எதிர்வினை என்றே முடிவானது. ஆயினும் களைப்பு பற்றிய கேள்வி மறையவில்லை. 2014 ஜனவரியில் அந்நாட்டில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இந்தியாவில் டிசம்பர் நெருக்கடிக்குக் கண்ட உடனடித் தீர்வு, விதியைத் தளர்த்துவதாக அமைந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி, இண்டிகோவின் ஏ320 ரக விமானங்களுக்கு இரவுப் பணி தொடர்பான விதிகளில் இருந்து பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற விதி அனைத்து நிறுவனங்களுக்கும் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் அட்டவணை 10 சதவீதம் குறைக்கப்பட்டது. அபராதத் தொகையில் 20 கோடியே 40 லட்சம் ரூபாய், டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரையிலான 68 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 30 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் வருவது. விலக்கு நீடித்த அதே 68 நாள்கள்தான் அவை.

இவற்றுள் பயணிகளின் கண்ணில் அதிகம் படாதது விடுப்பு பற்றிய தளர்வு. தங்கையின் திருமணத்துக்கோ பொங்கலுக்கோ துணை விமானி எடுக்கும் விடுப்பை அவரது வார ஓய்வாகவே பதிவு செய்ய அது இடம் தருகிறது. ஒரு நாளும் கூடுதலாக உறங்காமலேயே அவரது அட்டவணை விதிக்கு உட்பட்டதாகத் தோன்றும். இரவுப் பணிக்கான விலக்குக்கு பிப்ரவரி 10 என்ற முடிவுத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. விடுப்பு பற்றிய தளர்வுக்கு அப்படி ஒரு தேதி அந்த ஆணையில் குறிக்கப்படவில்லை.