மன்னர்கள் வாங்காத கார்

25 கார் கட்டி அரச குடும்பங்களுக்கு விற்பது எத்தோரே புகாட்டியின் எண்ணம். அந்த 'ராயல்' கார் பிரான்சின் மோல்ஷீம் ஊரில் உருவான கொஞ்ச நாளில் பெருமந்தம் குறுக்கே வந்தது. கட்டியது 7, வெளியாருக்கு விற்றது 3. மன்னர் எவரும் வாங்கவில்லை.

ஆனாலும் என்ன கார்! 12.7 லிட்டர் என்ஜினில் எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். ரேடியேட்டர் மூடிமேல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் வெள்ளி யானை. 1916இல் இறந்த தம்பி ரெம்பிராண்ட் செய்த சிற்பத்தின் வார்ப்பு. முதல் வாடிக்கையாளர், ஆடை உற்பத்தியாளர் அர்மான் எஸ்டெர், இரவில் ஓட்டுவதில்லை என்று முகப்பு விளக்கே வேண்டாமென்றார். மிஞ்சிய என்ஜின்களை ரயில் பெட்டிகளில் பொருத்தி விற்றுத்தான் தொழிற்சாலை தாக்குப்பிடித்தது.

இத்தனை அருமையான காருக்கும் காயலான் கடை வாசல் தப்பவில்லை. குளிரில் என்ஜின் விரிசல் விட்டு நியூயார்க்கில் கிடந்த ஒன்றை, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்லஸ் செய்ன் 1943இல் 400 டாலருக்கு வாங்கினார். பாடுபட்டுச் சீராக்கி ஓட்டியவர், பின்னாளில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அதுதான் முறை.

ஷ்லும்ப் சகோதரர்களோ இரண்டு ராயல்களோடு நானூறுக்கும் மேற்பட்ட கார்களை முலூஸ் நகரில் தங்கள் நூற்பாலைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஆலை நொடித்து, 1977இல் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்தபோதுதான் உலகம் அவற்றைப் பார்த்தது. இத்தகைய செல்வத்தை ஒருவர் கண்ணுக்கு மட்டும் பூட்டி வைப்பது அநியாயம்.

1982 முதல் அந்த ஆலையே அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கலாம்.