ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம்

"சாப்பாட்டைக் குறையுங்கள்." சீனி வருத்தம் என்று கிளினிக்குக்குப் போனாலும் இதுதான் பதில், பிரஷர் என்று போனாலும் இதுதான். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமக்கிறவளிடம் எதைக் குறைக்கச் சொல்வது? இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நம் சனம் அளவுக்கு மீறித் தின்று நோயாளியாகவில்லை. மூன்று வேளையும் ஒரே பண்டம், அதுவும் நேரம் தப்பி. நமக்குச் சொல்லும் புத்திமதி, வேலைக்குக் கூப்பிடும் பிரட்டு மணியையும் லயத்து அடுப்பையும் பார்த்துச் சொல்லப்பட வேண்டும்.

தெரணியகலப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். விடிந்ததும் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மலைக்கு ஓடும் தாய்மாரின் பையில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கோதுமை மாவில் உப்பைப் போட்டு, இருந்தால் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய ரொட்டி. காய்ந்த மிளகாயும் உப்பும் இடித்த கட்டச் சம்பல். ஒரு போத்தல் சாயத் தண்ணி. காலையில் வெறும் தேத்தண்ணியோடு போனவள் பத்து மணிக்குத்தான் அந்த ரொட்டியைப் பிய்ப்பாள். ஒரு வாய் ரொட்டி, ஒரு மிடறு தேத்தண்ணி. றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்களுக்கு அதுவும் பிந்தும்.

இந்த ஒரு வாய், ஒரு மிடறில்தான் கோளாறு. தேயிலையின் துவர்ப்புச் சத்து, தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு சாயம் குடித்தால் உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகப் போகலாம். ஏற்கெனவே இரும்பு குறைந்த சாப்பாடு. அதிலும் பாதி போனால் மிச்சம் என்ன? நம் பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், வெளுத்துக் கிடக்கும். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. அதற்காகக் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் சாயத் தண்ணியிலேயே விழுங்குகிறார்கள். "பச்சத் தண்ணியில முழுங்குனா குமட்டுது டீச்சர், தேத்தண்ணின்னா எறங்கிரும்" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். மாத்திரை கொடுத்ததைக் கார்டில் குறித்தவர்கள் எவரும் எதோடு விழுங்குகிறாய் என்று அவளிடம் கேட்கவில்லை.

சீனியைக் கணக்குப் பாருங்கள். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை. 60 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு ஏறக்குறைய 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. வயிறு காய்கிறவளுக்குச் சீனிதான் உடனே கிடைக்கும் தெம்பு என்பதால் நான் ஒருவரையும் ஏசியதில்லை. பத்து மணிக்கு ஒரு கிண்ணம் அவித்த கடலை கிடைத்தால் அந்த மூன்று கரண்டி தானாகக் குறையும்.

சோகை பிடித்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம்; அப்படிப் பிறந்த பிள்ளை உயரத்திலும் பின்தங்கலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்தப் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி இறக்கியவள் நான். கருவில் மெலிந்தவர்களுக்கே நடுவயதில் சீனி வருத்தமும் இருதய நோயும் அதிகம் வருகின்றன என்பதை இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்று நாற்பது வயதில் சீனிக்கு மருந்து குடிக்கிறவளின் வருத்தம், அவள் தாய் மலையில் பசியோடு நின்ற நாளிலேயே தொடங்கியிருக்கலாம். அவளிடம் போய் வாயைக் கட்டு என்று மட்டும் சொல்வது அநியாயம்.

நாம் நம்பியிருக்கும் கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை; வெளியிலிருந்து வருவது குறைந்தால் பட்டினிதான். 1973–74 பஞ்சத்தில் பட்டினியால் செத்தவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022 நெருக்கடியில் மா விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது லயங்களில் பல அடுப்புகள் ஒருவேளைதான் எரிந்தன. ஆனால் நம் சப்ரகமுவ மாகாணம் நுவரெலியாவைப் போல் குளிர் மலையல்ல. பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் முருங்கையும் லயத்துப் பக்கத்திலேயே விளையும் பூமி இது. முதலாம் உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டைக் கண்டு பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலா நடச் சொன்னார்; சிங்களச் சனம் அவரை இன்றும் 'கொஸ் மாமா' என்கிறது. பலாக்காயும் மாச்சத்துதான், அளவோடுதான் சாப்பிட வேண்டும். ஆனாலும் அதில் நார் இருக்கிறது, கொட்டையில் புரதம் இருக்கிறது. வெள்ளை மா ரொட்டியில் அவ்வளவு நார் இல்லை.

கீரைக்கு வருவோம். இரவில் கீரை ஆகாது என்பது நம் வீடுகளில் கட்டிக் காத்த நம்பிக்கை. பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் நட்டமில்லை. ஐந்து மணிக்கு மலையிறங்கி வருகிறவளுக்கோ கறி ஆக்க இரவை விட்டால் நேரமே கிடையாது. ஆக, கீரை அவள் தட்டுக்கு வருவதே இல்லை. கழுவி நன்றாக வேகவைத்த முருங்கைக் கீரையை இரவில் தின்பதால் ஒரு கெடுதியும் வராது. வல்லாரையை அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டால் இன்னும் நல்லது. அந்தப் புளி இரும்பை உடம்பில் சேர்க்கும்.

தோட்டக் கம்பனிகளிடம் கேட்கிறேன்: பத்து மணிக்குக் கடலையோ பயறோ அவித்துக் கொடுங்கள், பிள்ளைக்காம்பராவில் அடுப்பும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. லயத்தைச் சுற்றியுள்ள வெறும் நிலத்தில் காய்கறி போட்டால் பிடுங்கி எறியாதீர்கள். சுகாதாரப் பணிமனைகளிடம் கேட்கிறேன்: சாப்பாட்டு ஆலோசனைத் தாளைத் தமிழிலும் தாருங்கள். சிங்களத் தாளை மடித்துக் கார்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிய தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவையெல்லாம் நடக்க நாளாகும். மலைக்குப் போகும் அக்காமாரே, தங்கச்சிமாரே, இதை மட்டும் நாளைக்கே தொடங்குங்கள். ரொட்டியைத் தண்ணியோடு சாப்பிடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள். இரும்பு மாத்திரையை ஒருநாளும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள்.