சேலை மலிவு, உயிரும் மலிவா?

தீபாவளி, பொங்கல் வந்தால் ஜவுளிக்கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. சில நூறு ரூபாய்க்குப் பளபளப்பான சேலை கிடைக்கிறது. துவைத்தால் சுருங்குவது இல்லை. இஸ்திரி போட வேண்டியதும் இல்லை. "சூரத் சேலை அம்மா!" என்று கடைக்காரர் எடுத்துப் போடுகிறார்.

இது பருத்திச் சேலை அல்ல. பாலியஸ்டர் என்ற செயற்கை நூலில் நெய்தது. 1941-ம் ஆண்டில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற 2 இங்கிலாந்து விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் "டெரிலின்" என்று சொன்னது இந்த நூலைத்தான். இந்தத் துணிக்குப் பெயர் பெற்ற ஊர், குஜராத் மாநிலத்தில் உள்ள சூரத்.

130 டிகிரி சூடு

தறியில் இருந்து இறங்கும் துணிக்கு அழகு கிடையாது. அதை அழகாக்குவது சாய ஆலை.

பாலியஸ்டர் இழை மிகவும் இறுக்கமானது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சாயம் சரியாக உள்ளே இறங்காது. சுமார் 130 டிகிரி சூடு வேண்டும். திறந்த அண்டாவில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆகவே பிரஷர் குக்கர் போன்ற மூடிய எந்திரத்தில் துணியை வேக வைக்கிறார்கள்.

பட்டுப் போன்ற மென்மை வரவேண்டுமா? காஸ்டிக் சோடா கலந்த சூடான நீரில் துணியை ஓட விடுகிறார்கள். அது இழையின் மேல்பகுதியைக் கொஞ்சம் அரித்து விடும். பிறகு "ஸ்டெண்டர்" எந்திரம் துணியின் இரு கரைகளையும் இழுத்துப் பிடித்து, 180 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் ஓட்டுகிறது. துணி சுருங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சூட்டிலும் நெடியிலும் நின்று வேலை பார்ப்பவர்களில் பலர், உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

6 பேர் பலி

2022-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. சூரத்தை அடுத்த சச்சின் தொழிற்பேட்டை. டேங்கர் லாரியில் வந்த ரசாயனக் கழிவைச் சாக்கடையில் திறந்து விட்டார்கள். விஷ வாயு பரவியது. அருகில் இருந்த சாய ஆலைத் தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். 6 பேர் இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

கழிவை ஏன் இப்படிக் கொட்டுகிறார்கள்? முறைப்படி சுத்தம் செய்யப் பணம் செலவாகும். திருட்டுத்தனமாகக் கொட்டினால் அந்தப் பணம் மிச்சம்.

திருப்பூர் காட்டிய வழி

நொய்யல் ஆறு கெட்டதால், 2011-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலை இழந்த குடும்பங்கள் தவித்தன. ஆனால், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்தம் செய்து, அதையே திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. பட்டறைகள் மறுபடி திறந்தன. தொழில் அழிந்துவிடவில்லை.

2021-ம் ஆண்டில் மத்திய அரசு, செயற்கை இழைத் துணித் தொழிலை வளர்க்க 10,683 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. திருப்பூரிலும் செயற்கை இழை ஆடைகள் தயாராகின்றன. வேலை வருவது நல்லதுதான். பாதுகாப்பும் கூடவே வரவேண்டாமா?

ஏழைக் குடும்பத்துக்கு மலிவுச் சேலை தேவை. அதில் குற்றம் இல்லை. ஆனால், ஒரு முதலாளி மட்டும் ஒழுங்காக நடந்தால், விலைப் போட்டியில் அவர் தோற்றுப்போவார். எல்லோரும் ஒழுங்காக நடந்தால் யாரும் தோற்க மாட்டார்கள். எனவே ஊருக்கு ஒரு நியாயம் கூடாது. சூரத்துக்கும் திருப்பூருக்கும் ஒரே கண்டிப்பு வேண்டும்.

சேலையின் விலையில் சில ரூபாய் கூடலாம். ஒரு தொழிலாளி வேலை முடிந்து உயிரோடு வீடு திரும்புவதற்கு, அது அதிக விலை அல்ல!