எல்லை கடந்தவர்களின் எல்லைக் காவல்

அரியாலையில் எங்கள் வீட்டுப் படலையைக் கடந்து போகிற எவரும் ஜேர்மனியில் இருக்கும் அண்ணனைப் பற்றி விசாரிக்காமல் போவதில்லை. "கொண்ணைக்கு என்ன, சனி ஞாயிறு எண்டால் ஒவ்வொரு நாடாய்ச் சுத்துறார்" என்று அந்த விசாரிப்பு முடியும். கைபேசிக்கு வந்து சேரும் படங்களும் அப்படித்தான். ஒரு வாரம் அம்ஸ்ரடாம், மறுவாரம் லக்சம்பேர்க், நீண்ட விடுமுறை வந்தால் பாரிஸ்.

அந்தப் பயணங்களைக் குறைகூற நான் வரவில்லை. உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளின் இரவு முறையிலும் உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். என் வழக்கு வேறு. இப்படிச் சுற்றும் உரிமை தமக்கு எத்தனை ஆண்டுகளின் பின் கிடைத்தது என்பதை நம்மவர் மறந்துவிட்டனர். மறந்தது மட்டுமன்று, இன்று அதே வாசலில் நிற்கும் வேறு அகதிகளுக்கு அவ்வுரிமை கூடாதென்று பேசவும் தொடங்கிவிட்டனர். அதை என் காதால் கேட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2024 ஒக்ரோபரில் டோட்முண்ட் நகருக்கு அண்மையில் அண்ணன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆகன் நகருக்கு அப்பால் உள்ள மூன்று நாட்டு எல்லைக்குப் போனோம். அண்ணன், அவருடைய நெடுநாள் நண்பர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெறாமகள், நான் என நால்வர். நெதர்லாந்தின் வால்ஸ் என்ற ஊருக்கு மேலே, 322 மீற்றர் உயரமுள்ள ஒரு குன்று. ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்றும் அங்கே ஒரு கல்லடியில் சந்திக்கின்றன. அக்கல்லைச் சுற்றிப் பத்து அடி வைத்தால் மூன்று நாடுகளைச் சுற்றியதாகிவிடும். சின்னஞ்சிறுவர்கள் அப்படித்தான் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மரவாங்கில் அமர்ந்து, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் எல்லையருகே வாகனங்கள் ஊர்ந்தன. ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் 2024 செப்ரெம்பர் 16 முதல் சோதனையை நடைமுறைப்படுத்தியிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுப் போகும்படி கையசைத்தார். கார் நகர்ந்ததும் அண்ணனின் நண்பர் சொன்னார்:

"மறிக்கத்தான் வேணும் தம்பி. உவங்களைக் கண்டபடி திரிய விட்டதாலைதான் இந்த நாடு இப்பிடிப் போச்சுது. ஒரு இடத்திலை கட்டி வைச்சிருக்க வேணும்."

அண்ணன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைச் சுட்டது.

"அண்ணை, எண்பத்தாறிலை நீங்கள் அம்மாவுக்கு எழுதின கடிதம் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. பெறாமகள்தான் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கடிதம் சித்தப்பா?" "அது பழைய கதை" என்றார் அண்ணன்.

பழைய கதைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் 1985இன் தொடக்கத்தில் கொழும்பை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 22. அக்காலத்தில் நம் இளைஞர்களுக்குத் திறந்திருந்த வழி கிழக்கு பேர்லின். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகரத் தொடருந்தில் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தைக் கடந்தால் மேற்கு பேர்லின். இரண்டும் ஒரே நகரம் என்பது மேற்கின் கொள்கையாதலால், அந்தப் பக்கத்தில் முறையான எல்லைச் சோதனை வைக்கப்படவில்லை. அந்த ஓட்டையினூடாகவே ஆயிரக்கணக்கான தமிழர் நுழைந்தனர். பின்னர் அவர்கள் மேற்கு ஜேர்மனியின் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பப்பட்டார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்தது வடக்கே ஒரு சிறு பட்டினம்.

1986இல் அவர் எழுதிய விமானத் தபால் தாளின் சாரம் இது. எங்கள் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அடுத்த மாவட்டத்தில் இறந்துபோனார். முப்பது கிலோமீற்றர்கூட இல்லாத தூரம். செத்தவீட்டுக்குப் போக அனுமதி கேட்டார், அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். மீறிப் போனார். திரும்பி வருகையில் புகையிரத நிலையத்தில் பொலிஸ் மறித்தது. வேலை செய்ய அனுமதி இல்லாத மனிதருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. "அவனைத் தூக்குறதுக்கு எங்கடை ஆக்கள் நாலு பேர்கூட இருக்கேல்லை அம்மா" என்ற வரியை அம்மா எத்தனையோ முறை என்னைக் கொண்டு வாசிப்பித்திருக்கிறார்.

இது ஓர் அலுவலரின் கொடுமையன்று, சட்டமே அதுதான். 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பதாரி தன் பகுதிக்குப் பொறுப்பான வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லைக்குள்ளேயே வதிய வேண்டுமென விதித்தது. ஜேர்மன் மொழியில் அதற்கு றெசிடென்ஸ்ப்ளிக்ற் என்று பெயர். வதிவிடக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். முதல் மீறலுக்குத் தண்டப்பணம். மீண்டும் மீறினால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. விண்ணப்பத்துக்கு முடிவு வர ஆண்டுகள் பல ஆகுமாதலால், ஒருவருடைய இளமையின் பெரும்பகுதி ஒரு மாவட்டத்துக்குள் கழிந்துபோகும். அகதியாக ஏற்கப்பட்ட பின் கிடைக்கும் நீலநிறப் பயணப் பத்திரத்திலும் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது என்றே எழுதியிருக்கும்.

காலத்தின் கேலியையும் பாருங்கள். 1985 ஜூன் 14ஆம் திகதி, லக்சம்பேர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மோசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில், ஐந்து நாடுகள் தமக்கிடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க உடன்பட்டன. மறுமாதமே, மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழரைத் தன் வழியாகச் செல்ல விடுவதில்லையெனக் கிழக்கு ஜேர்மனி முடிவெடுத்தது. ஐரோப்பியருக்குக் கதவு திறந்த அதே கோடையில் நமக்குக் கதவு மூடிற்று. இன்று நாம் சனி ஞாயிறுகளில் அனுபவிப்பது அந்த ஷெங்கனின் பயன். நாம் அங்கே போய்ச் சேர்ந்ததோ, அது மூடுமுன் புகுந்த ஓட்டையால்.

நண்பரின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2024 ஓகஸ்ட் 23ஆம் திகதி சொலிங்கன் நகர விழாவில் மூவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். சந்தேகத்தில் கைதானவர் சிரியாவிலிருந்து வந்த புகலிட விண்ணப்பதாரி. மக்கள் அஞ்சியது இயல்பே. வருபவர் யாரென்று பதிந்துகொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு; குற்றவாளி தண்டிக்கப்படவும் வேண்டும். ஆனால் அதே சொலிங்கனில், 1993 மே 29ஆம் திகதி, துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு ஐந்து பெண்களும் சிறுமிகளும் எரிந்து மாண்டார்கள். அதைச் செய்தவர்கள் ஜேர்மன் இளைஞர்கள். அதற்காக ஜேர்மன் இளைஞரை எல்லாம் ஒரு மாவட்டத்துக்குள் கட்டி வைக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஓர் இனத்தையே பொறுப்பாக்குவது எப்படியிருக்கும் என்பதை 1983 ஜூலையில் கொழும்பில் கண்ட சமூகம் நாம். நமக்கு இதை வேறொருவர் வந்து விளக்க வேண்டுமா?

"நாங்கள் உண்மையான அகதிகள், இவர்கள் காசுக்கு வருபவர்கள்" என்பது அடுத்த வாதம். எண்பதுகளில் இதே சொற்கள் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டன. போலி அகதி, பொருளாதார அகதி என்ற வசைகள் அப்போதே புழக்கத்திலிருந்தவை. அலெப்போவிலிருந்து வந்தவனின் வீடு இடிந்ததை நம்பாதவர், அரியாலையிலிருந்து வந்தவனின் வீடு எரிந்ததையும் நம்பமாட்டார். சந்தேகத்துக்கு நாடு, மொழி, மதம் தெரியாது.

இன்னொன்று. வதிவிடக் கட்டுப்பாடு தானாகத் தளரவில்லை. ஆபிரிக்கர், ஈரானியர், குர்தியர் எனப் பல நாட்டு அகதிகள் அதை வேண்டுமென்றே மீறித் தண்டனை பெற்றார்கள். 2012இல் வூர்ட்ஸ்பூர்க் நகரிலிருந்து பேர்லின்வரை ஏறத்தாழ 600 கிலோமீற்றர் கால்நடையாக நடந்து, ஒவ்வொரு மாவட்ட எல்லையையும் சட்டத்தை மீறியே கடந்தார்கள். 2015 ஜனவரி முதல் பெரும்பாலானோருக்கு அக்கட்டுப்பாடு மூன்று மாதங்களாகக் குறைந்தமைக்கு அந்த நடையும் ஒரு காரணம். ஆயினும் முதல் வரவேற்பு முகாமில் தங்கவேண்டிய காலம் முழுவதும் அது நீடிக்கலாம். ஹாமில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் பதினேழு மீற்றர்க் கோபுரத்தைக் கும்பிட நாம் காரேறிப் போகிறோம். அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில், நகர எல்லையைத் தாண்ட அனுமதிக் கடதாசி வேண்டிய மனிதர் இன்றும் இருக்கிறார்.

ஊரிலிருக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. கண்டி வீதி எங்கள் அரியாலையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்த வீதி 1990 முதல் 2002 வரை நமக்கு அடைபட்டிருந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி அடைபட்டது. வன்னிக்குப் போகப் புலிகளின் பாஸ். கொழும்புக்குப் போக இராணுவத்தின் அனுமதி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிழவியும் வரிசையில் நின்றாள். "கட்டி வைச்சிருக்க வேணும்" என்று நம்மைப் பற்றியும் யாரோ ஓரிடத்திலிருந்து சொல்லித்தான் இருப்பார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து அந்த வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அம்மா உறுதிக் கட்டோடு அண்ணனின் கடிதங்களையும் ஒரு பன்பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஆதலால் 1986ஆம் ஆண்டுக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் அதைப் படமெடுத்துப் பெறாமகளுக்கு அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஆகவே தகப்பனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் வாசித்திருக்கிறார். அன்றிரவு என்னை அழைத்து வேறு விடயங்களே பேசினார்; வைக்கும்போது மட்டும், "தம்பி, அண்டைக்குக் காரிலை நான் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றார்.

ஜேர்மனியிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் உள்ள உறவுகளே, உங்கள் வீடுகளிலும் இத்தகைய கடிதங்கள் இருக்கும். அடுத்த ஞாயிறு சுற்றுலாவுக்குப் போங்கள். மனம் நிறையப் போங்கள். போகும் வழியில் பிள்ளைகளுக்கு அவற்றை வாசித்துக் காட்டுங்கள்.