ஆற்றுக்கு வடக்கே

ஏரிகளைத் தேடி லடாக் வரை வண்டியோட்டிக் கூடாரமடித்துத் திரும்பும் நண்பர்கள்மேல் எங்களுக்குப் பொறாமை உண்டு. ஆயினும் சிம்மக்கல்லிலிருந்து வைகையைக் கடந்து, மேலூர்ச் சாலையில் யானைமலைக்கு அப்பால் போகாதவர்களே அவர்களுள் அநேகர். அங்கே அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்பது அரசின் கணக்கு. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள். ஊர்மக்கள் திரண்டு எதிர்த்த பின், 2025 ஜனவரியில் அது ரத்தானது.

சுரங்கம்தான் போயிற்றே, இனிக் கூடாரமடிக்கலாமே என்பாரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. தேவாங்கும் அலங்கும் இரவில் இரை தேடுபவை. நமது விளக்கும் பாட்டும் அவற்றுக்குச் சிறிய சுரங்கமே. குன்றின் குகைத்தளத்தில் சமண முனிவர்களும் தங்கினார்கள். அவர்கள் விட்டுச்சென்றவை கற்படுக்கைகளும் இரண்டாயிரம் ஆண்டு கடந்த தமிழி எழுத்துகளும். நாம் விட்டுவருவது பிளாஸ்டிக் புட்டி.

ஆகவே விடியலில் செல்லுங்கள். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் பேசாமல் அமர்ந்திருங்கள். வாய்த்தால் வல்லூறு வட்டமிடும். பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம். சோற்றுப் பொட்டலம் வாழையிலையில் கட்டியதாக இருக்கட்டும்.